பழைய வள்ளத்தை உடைக்கச் சொல்ற அண்ணாச்சிகளுக்கு

டிஸ்கி: பிகாம் படிக்கிறவன் எழுதுற படகுக் கணக்கு இது. மெக்கானிக்கல் மக்கா எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க :-)

பழைய பைபர் வள்ளத்தை வீட்டு முற்றத்துல கவுத்துப் போட்டு ஒருத்தன் உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா, தெருவுல போற நாலு பேர்ல மூணு பேர் நின்னு புத்தி சொல்லிட்டுத்தான் போவாங்க. "இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்லே." எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. சித்தப்பாவோட வள்ளமும் அதோட அவுட்போர்டு எஞ்சினும் எங்க முற்றத்துல கிடக்கு. அதனால இந்த வசனம் எனக்கு மனப்பாடம். தெருவுல நின்னு பதில் சொன்னா மரியாதை இல்லாத பையன்னு பேர் வரும். அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல கணக்குக்கே வருவோம், நமக்குச் சோறு போடப் போறது அதுதானே. தேய்மானம் படிச்சிருப்பீங்க. 1962-ம் வருஷத்து வருமான வரி விதிகளோட அட்டவணையில கப்பலுக்கும் படகுக்கும் 20 சதவீதம், அதுவும் குறைந்து செல்லும் மதிப்பு முறையில. (அதுல ஸ்பீடு போட்டுக்கு விளக்கம் வேற உண்டு: மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல போகணும், போகும்போது மூக்கு தண்ணிக்கு மேல தூக்கணும்! சட்டத்துல நான் ரசிச்சுப் படிச்ச ஒரே வரி.) 1 லட்ச ரூபா வள்ளம் பத்து வருஷத்துல 10,737 ரூபா ஆகும். இருபது வருஷத்துல 1,153. பேரேட்டுல வள்ளம் செத்துப்போச்சு. அண்ணாச்சிங்க வரி விதியைப் படிச்சிருக்க மாட்டாங்க, ஆனா அவங்க மண்டைக்குள்ள ஓடுறதும் இதே கணக்குதான்: வயசாச்சு, அதனால மதிப்பு போச்சு.

பைபருக்கு அந்தப் பேரேடு தெரியாது. கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகினது அது. செல்லரிக்காது, துருப்பிடிக்காது. அமெரிக்காவுல 1950, 60கள்ல செஞ்ச பைபர் போட்டுகள் இன்னைக்கும் தண்ணியில ஓடுது. வெயில் பட்டு மேல்பூச்சு சுண்ணாம்பு மாதிரி உதிரும், அவ்வளவுதான். அழுகுறது உள்ள வெச்ச மரம். எஞ்சின் மாட்டுற பின்பலகைக்குள்ள பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். எஞ்சின் போல்ட் போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கி, வெளிய ஒண்ணும் தெரியாம உள்ளுக்குள்ள சாணி மாதிரி ஆகிடும். சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாருங்க. நல்ல இடம் கணீர்னு கேட்கும், கெட்ட இடம் பொத்துனு கேட்கும். கெட்டது பலகை மட்டும்னா, மொத்த வள்ளத்தையும் எதுக்கு உடைக்கணும்? செருப்பு வார் அறுந்ததுக்குக் காலை வெட்டுற கதையா இருக்கு.

சரி, உடைச்சுட்டீங்க. அப்புறம் எங்க போடுவீங்க? இதுக்கு இதுவரைக்கும் ஒரு அண்ணாச்சியும் பதில் சொன்னதில்ல. இறுகின ரெசினை மறுபடி உருக்க முடியாது. இரும்பு மாதிரி, அலுமினியம் மாதிரி ஆக்கர் கடைக்காரர் எடை போட்டு எடுக்கவும் மாட்டார். கொளுத்துனா கரும்புகை, மிச்சம் கண்ணாடித் தூள். பிரான்ஸ்ல இது பெரிய தலைவலியாகி, 2019-லேர்ந்து பழைய படகுகளைப் பிரிச்சு அழிக்குறதுக்குப் படகு தயாரிக்கிறவங்க பணம் கட்டுற மாதிரி ஏற்பாடே பண்ணிட்டாங்க. நம்ம கரையில பண்ற ஏற்பாடு என்ன? தென்னை மூட்டுல சாய்ச்சு வெச்சுட்டு மறந்துடுறது. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரைக்கு வந்து இறங்கின பைபர் வள்ளங்கள் எத்தனைன்னு ஊர்ல பெரியவங்களைக் கேளுங்க. அதுக்கெல்லாம் இப்ப இருபது வயசு தாண்டிடுச்சு. எல்லாத்தையும் ஓரங்கட்டிப் புதுசு வாங்கினா மணல்ல நாம நடக்க இடம் இருக்காது. புதுசு வாங்குற செலவுல இந்தப் பத்தியை எந்தப் பக்கம் எழுதுவீங்க, பற்றா வரவா?

இன்னொரு கூட்டம் இருக்கு. உடைக்கச் சொல்றவங்களை விட எனக்கு இவங்க மேலதான் கோவம் அதிகம். ரெண்டு டப்பா பெயிண்ட், மாதா பேரு, பக்கத்துல ஒரு சுறா படம், "வள்ளம் புத்தம் புதுசு"ன்னு போட்டோ. பின்பலகை உள்ள அப்படியே அழுகிக் கிடக்கும். அந்தப் பலகையிலதான் எஞ்சின் எடை முழுக்கத் தொங்குது. அலைக்கு நடுவுல அது பிய்ஞ்சா எஞ்சின் கடலுக்குள்ள, வள்ளத்துல இருக்கிறவன் கதி என்ன? பழசைச் சரி பண்றதுக்கு ஊர்ல கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது இந்தப் பெயிண்ட் பார்ட்டிங்கதான்.

வேலை வரிசை ரொம்பச் சாதாரணம். உள்தோலை வெட்டி, அழுகின மரத்தை முழுசா தோண்டி, நல்லா காயவிட்டு, கடல் பிளைவுட் வெச்சு, மேட் போட்டு மூடணும். காய்ஞ்ச ரெசின் மேல புது ரெசின் சொரசொரப்பைப் பிடிச்சுத்தான் நிக்கும். அதனால பளபளப்பு போற வரைக்கும் தேய்க்காம மேட் ஒட்டினா தோசை மாதிரி உரிஞ்சு வரும். ஓட்டையை அடைக்கும்போது ஓரத்தைச் சரிவா தேய்க்கணும், கனத்தைப் போல பன்னிரண்டு மடங்கு அகலம். 6 மில்லிமீட்டர் கனம்னா சுத்தி 72 மில்லிமீட்டர். கேட்டலிஸ்ட் 1-லேர்ந்து 2 சதவீதம். நம்ம வெயிலுக்கு 1 பக்கமே நில்லுங்க, இல்லைன்னா டப்பாவுக்குள்ளேயே கல்லாயிடும்.

இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. கடையில கோபால்ட் தனியா, கேட்டலிஸ்ட் தனியா தந்தா ரெண்டையும் நேரடியா கலக்கவே கூடாது. வெடிச்சுத் தீப்பிடிக்கும். முதல்ல கோபால்டை ரெசின்ல கலக்கி முடிச்சுட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அந்தக் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சாலும் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாம இறங்குறது வீரம் இல்ல. கைலியோட நின்னு பைபர் தேய்ச்சா ராத்திரி முழுக்க அரிக்கும், அது தனிக் கதை.

எஞ்சினுக்கு வருவோம். இங்க அண்ணாச்சிங்க பக்கம் பாதி நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். உப்புத்தண்ணியில ஓடிட்டு நல்லதண்ணி விட்டுக் கழுவாத எஞ்சின் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும். ஆனா ஸ்டார்ட் ஆகலைங்கிற ஒரே காரணத்துக்குத் தூக்கிப் போடுறாங்க பாருங்க, அது அநியாயம். கியர் ஆயிலை இறக்கிப் பாருங்க, பால் மாதிரி வெள்ளையா வந்தா சீல் வழியா தண்ணி ஏறியிருக்கு, சீல் மாத்தணும். வாட்டர் பம்புல இருக்கிற ரப்பர் இம்பெல்லர் பல வருஷம் கிடந்தா விறைச்சுப் போகும், யோசிக்காம மாத்துங்க. கார்பரேட்டரைப் பிரிச்சுக் கழுவுங்க. ரெண்டு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அப்புறம் தண்ணி நிறைச்ச டிரம்முக்குள்ள இறக்கி ஓட்டுங்க. வெறும் காத்துல ஓட்டினா இம்பெல்லர் சீக்கிரமே கருகிடும்.

பெட்ரோல் விஷயத்துல மட்டும் பழைய எஞ்சின் வெச்சிருக்கிறவனுக்கு இப்ப நேரம் சரியில்ல. 2025-லேர்ந்து பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபைக் கெடுக்கும். கடல் காத்துல மாசக்கணக்கா டாங்க்ல வெச்சா அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கும். டியூபைப் புது எரிபொருளுக்கு ஏத்ததா மாத்திட்டு, தேவைக்கு மட்டும் வாங்கி ஊத்துங்க. டூ ஸ்ட்ரோக்கா இருந்து 50-க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

உதிரிபாகம் கிடைக்குமாங்கிறதையும் பார்க்கணும். 1909-லேர்ந்து அவுட்போர்டு வித்துக்கிட்டிருந்த எவின்ரூடையே 2020-ல நிறுத்திட்டாங்க. நம்ம கரையில அதிகம் ஓடுற யமஹா, சுசூகின்னா கவலை கம்மி. சிலிண்டர் சுவரே அரிச்சுக் குழி விழுந்திருந்தா எஞ்சினை விட்டுடுங்க. அது அலுமினியம், ஆக்கர் கடையில கிலோ கணக்குல எடுத்துப்பாங்க. அந்த ஒரு கேஸ்ல நான் சண்டைக்கு வரமாட்டேன்.