ஃபைன் கட்டினால் முடிஞ்சுதா?

"சின்னக் கேஸ்தானே, ஓமெண்டு ஒப்புக்கொண்டு ஃபைனைக் கட்டிப்போட்டு வா. லோயருக்கு ஏன் சும்மா காசு?" கலியாணவீடுகளில இந்தப் புத்திமதியை இலவசமாச் சொல்லுகிற அண்ணைமாரிடம் கனடியப் பாஸ்போர்ட் இருக்குது. கேட்டுக்கொண்டு நிக்கிறவனிடம் அது இருக்கோ எண்டு ஒருத்தரும் விசாரிக்கிறேல்லை. எனக்கு ஆத்திரம் அதிலதான்.

அமெரிக்கப் படங்களைப் பார்த்து 'மிஸ்டிமீனர்' எண்ட சொல்லைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். கனடாச் சட்டத்தில அப்படி ஒண்டு இல்லை. இங்க சிறுகுற்றம் 'சமரி', பெருங்குற்றம் 'இண்டைற்றபிள்'. 2019 செப்ரெம்பரில சட்டத்தை மாத்தினாப்பிறகு, சமரிக்குப் பொதுவாக ஆகக்கூடினது இரண்டு வருசத்துக்கு ஒருநாள் குறைஞ்ச சிறை, 5000 டொலர் ஃபைன். இரண்டுக்கும் நடுவில இன்னொரு வகை இருக்குது. எந்த வழியில வழக்கை நடத்துறது எண்டு அரச வழக்கறிஞரே தீர்மானிக்கிற குற்றங்கள். 5000 டொலருக்கு உட்பட்ட களவு, சாதாரண அடிதடி, குடிச்சுப்போட்டுக் கார் ஓடுறது எல்லாம் இதுக்குள்ளதான். கோட்டில "சமரி" எண்டு சொன்னவுடன சனம் பெருமூச்சு விடும். ஆனால் குடிவரவுச் சட்டத்தின்ர 36ஆம் பிரிவு, வழக்கு எந்த வழியால போயிருந்தாலும், அதைப் பெருங்குற்றமாத்தான் கணக்கெடுக்கும்.

குடிச்சுப்போட்டு ஓடுறதை எடுங்கோ. நான் வேலை செய்யிற துறைக்கு இது பழக்கமான விசயம். இரவு ஒரு மணிக்குக் குசினியைப் பூட்டி, ரெண்டு மூண்டு பியர் அடிச்சு, பஸ் இல்லாத நேரத்தில காரை எடுக்கிறது. முதல்தரம் பிடிபட்டால் குறைஞ்சது 1000 டொலர் ஃபைன், ஊதமாட்டன் எண்டு மறுத்தால் 2000. அதோட காரோடத் தடையும் வரும். இந்தக் குற்றத்துக்கு ஆகக்கூடின சிறை முந்தி 5 வருசம். 2018 டிசம்பர் 18இல இருந்து 10 வருசம். 'பாரதூரமான குற்றம்' எண்டு குடிவரவுச் சட்டம் கீறி வைச்சிருக்கிற கோடும் அதே 10 வருசம்தான். நீதவான் ஒருநாள்கூட உள்ள போடாமல் ஃபைனோட விட்டாலும், பி.ஆர். உள்ள ஆளை நாடுகடத்தத் தொடங்க அது காணும். அகதியா ஏற்கப்பட்டு பி.ஆருக்குக் காத்திருக்கிறவரின்ர விண்ணப்பமும் அதில விழுந்துபோகும்.

களவுக்கும் சாதாரண அடிதடிக்கும் ஒரு வாசல் திறந்திருக்குது. அதுக்குப் பேர் 'டிஸ்சார்ஜ்'. குற்றம் செய்தது எண்டு கண்டாலும் தண்டனை பெற்றவராகப் பதியாமல் விடுறது. கடையில ஒரு கிறீம் எடுத்துப் பிடிபட்ட ஸ்ருடன்ற் பெடியனுக்கு, 200 டொலர் ஃபைனைவிட ஒரு வருசப் புரொபேஷனோட வாற டிஸ்சார்ஜ் எவ்வளவோ மேல். ஃபைன்தான் சுகம் எண்டு கேட்டு வாங்கிறவையும் இருக்கினம்! குடிபோதை வழக்கில இந்த வாசலும் இல்லை. குறைஞ்சபட்சத் தண்டனை எழுதி வைச்ச குற்றத்துக்கு டிஸ்சார்ஜ் குடுக்கேலாது.

வெறியில ஓடினவனுக்கு என்ன பரிதாபம் எண்டு நீங்கள் கேட்கலாம். எனக்கும் பரிதாபம் இல்லை. லைசென்ஸைப் பறிக்கட்டும், தேவையெண்டால் மறியலில போடட்டும். ஆனால் பக்கத்தில நிண்டு அதே குற்றத்தை ஒப்புக்கொண்ட சிற்றிசன் 1000 டொலரோட வீட்டை போக, மற்றவன் 1000 டொலரையும் கட்டிப்போட்டு நாட்டையும் இழக்கிறது எந்த நியாயம்? அந்த இரண்டாவது தண்டனையை நீதவான் வாயால சொல்லுறதுகூட இல்லை.

உச்சநீதிமன்றத்துக்கு இது தெரியாமலில்லை. 2013இல ஃபாம் எண்ட வழக்கில, மேன்முறையீட்டு உரிமை போகக்கூடாது எண்டதுக்காக இரண்டு வருசச் சிறையில ஒருநாளைக் குறைச்சது. 2018இல வொங் வழக்கில, குடிவரவு விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டது அறிஞ்சு ஒப்புக்கொண்டதாகாது எண்டு ஏற்றது. ஆனாலும் தெரிஞ்சிருந்தால் வேறமாதிரி முடிவெடுத்திருப்பன் எண்டு அவர் காட்டேல்லை எண்டு சொல்லி, ஒப்புதலைத் திருப்பி எடுக்க விடேல்லை. ஒருக்கால் "ஓம்" எண்டு சொன்னால் அதைப் பிறகு விழுங்கிறது அவ்வளவு கஷ்டம்.

அதால கோட்டுக்குப் போறவை, லோயரோ இலவசமா நிக்கிற டியூட்டி கவுன்சிலோ, ஆரிட்டை கதைச்சாலும் முதல் வசனமா "நான் சிற்றிசன் இல்லை" எண்டதைச் சொல்லுங்கோ. என்ன பேர்மிட்டில இருக்கிறியள் எண்டதையும் சொல்லுங்கோ. அவருக்குக் குடிவரவுச் சட்டம் தெரியாதெண்டால், தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் கேட்கும்வரைக்கும் ஒண்டையும் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த தவணை கேளுங்கோ. இன்னொருநாள் சம்பளம் போகும், முதலாளி முகத்தை நீட்டுவார். நீட்டட்டும்.