குலுக்கலுக்கு முன்னால் நடக்கும் தேர்வு

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கும் நாளன்று சீட்டுக் குலுக்குவதைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. அது ஊரறிய நடக்கிறது. தவறு நேர்ந்தால் அதற்கு முன்பே, பயனாளிகள் பட்டியல் தயாராகும் மேசையில்தான் நேர்ந்திருக்கும். அந்த மேசையில் உட்காருபவர்கள் இவ்விதழின் வாசகர்கள் என்பதால் இதை எழுதுகிறோம்.

பிரதமரின் அனைவருக்கும் வீடு (நகர்ப்புறம்) திட்டம் 2015-ல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2024-ல் வந்தது. இரண்டிலும் அடிப்படைக் கேள்விகள் இரண்டுதான். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கிறதா? குடும்பத்தில் யார் பெயரிலாவது நாட்டில் எங்காவது நிலையான வீடு உண்டா? காவிரி டெல்டாவில் இந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைப்பதில்லை.

முதலில் வருமானம். தஞ்சாவூரில் கணவனும் மனைவியும் தினக்கூலிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 550 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 3 லட்சத்து 30 ஆயிரம். நலிவுற்ற பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் இன்னொருவருக்கு ஊரில் ஒரு வேலி நஞ்சை இருக்கிறது. குறுவை விளைந்ததா, சம்பா மழையில் சாய்ந்ததா என்பதைப் பொறுத்து அவர் வருமானம் ஏறும், இறங்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. எனவே வருமானச் சான்று எளிதாக 3 லட்சத்துக்குள் அடங்கிவிடும். விதியில் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த ஒரு வேலி நிலத்தைக் கணக்கில் எடுக்க வழியில்லை.

அடுத்து வீடு. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் கோயில் அடிமனையில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். மனை சாமியுடையது; சுவரும் ஓடும் குடியிருப்பவருடையவை. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது, அடிமனை வாடகை நிலுவையானால் நோட்டீஸ் வரும். இதைச் 'சொந்த வீடு' என்று குறித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

இந்த மண்ணில் தகுதிக் கேள்வியை வேறு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் மிராசுதாரிடம் வேலையை இழந்தால் வீட்டையும் இழக்க வேண்டியிருந்தது. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1971-ல், குடியிருப்பு மனைகளை உரிமையாக்கும் சட்டம் வந்தது. விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ, 1971 ஜூன் 19 அன்று அந்த மனையில் குடியிருந்தால் மனை அவருக்கே. மும்பையிலும் ஆலைத் தொழிலாளர்களுக்கான வீட்டுக் குலுக்கலில் 1982 ஜனவரி 1 அன்றோ பிறகோ வேலையில் இருந்தவர்களுக்குத் தகுதி தந்தார்கள். ஆனால் முதல் குலுக்கல் நடந்ததே 2012-ல்தான். அதற்குள் பலருக்கு வயது போய்விட்டது.

உழைப்பால் ஊரோடு ஒட்டியவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதே நம் நிலை. குடியிருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணினால் புதிதாக வந்தவர் அடிபடுவார் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்தபின் வயலில் வேலை குறைந்து நகரத்துக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். ஆகவே முகவரியோடு வேலை செய்யும் இடத்தையும் தகுதியாகக் கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் முதன்முறை வீடு வாங்குவோருக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்புத் தருகிறார்கள். யாரையும் விலக்காமல் முன்னுரிமை தர அது நல்ல வழி.

பயனாளி பங்களிப்பும் மறைமுகமான தகுதிதான். ஒன்றிய அரசின் ஒன்றரை லட்சமும் மாநில அரசின் பங்கும் போக மீதியைக் கட்ட முடியாதவர், சீட்டு விழுந்தும் வட்டிக்கு வாங்குகிறார். பிறகு வீட்டை உள்வாடகைக்கு விடுகிறார். தவணை வசதியைக் குலுக்கலுக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசாணை தேவை. ஆனால் வருமானச் சான்றோடு சிட்டாவையும் வைத்துப் பார்க்கவும், களவிசாரணைக் குறிப்பில் 'அடிமனை, பட்டா இல்லை' என்று தெளிவாக எழுதவும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பட்டியலிலேயே தொடங்கலாம்.