வடசென்னைக்காரர் எதைச் சிபாரிசு செய்வார்?

"நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள், கேட்பதற்கு ஒரு பாட்டுச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படமும் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. உடனே பதில் சொல்லுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ குடியிருப்பவரிடம் இந்தக் கேள்வி வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. கேட்கிறவர் ஏற்கெனவே நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். காசிமேடு என்றதும் விடியற்காலை மீன் ஏலம் அவர் கண்முன் வருவதில்லை, பட்டாக்கத்திதான் வருகிறது. பெண் கொடுக்கிற இடத்திலும், வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்திலும், வாடகைக்கு வீடு கேட்கிற இடத்திலும்கூட அந்தப் பட்டாக்கத்தி குறுக்கே வந்து நிற்கிறது. ஆகவே இந்தப் பகுதிக்காரர் சொல்லும் சிபாரிசு வெறும் பொழுதுபோக்கு விஷயமாக இருக்க முடியாது. தம் ஊருக்காகச் சாட்சி சொல்லும் காரியமும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

அப்படியானால் எதை முதலில் சொல்லலாம்? பெரிய புராணத்தைத்தான் சொல்ல வேண்டும். பக்திக்காகப் படிப்பவர்கள் படிக்கட்டும். பக்தி இல்லாதவர்களும் அதில் திருவொற்றியூர் வருகிற இடங்களை விடக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதை வருகிறது. உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரருக்கோ ஊர் ஊராகப் போகிற கால். அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்கு எழுந்தருளிவிடும்படி சிவபெருமானிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். பெருமானோ சங்கிலியாரிடம் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார்! பின்னால் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் பார்வை போகிறது. கல்யாணம் செய்துகொண்டு கைவிட்டுப் போகிறவனுக்கு, தம்பிரான் தோழனே ஆனாலும் தண்டனை உண்டு என்று கதை சொன்ன ஊர் இது.

அதைவிட நெஞ்சில் தைப்பது கலிய நாயனார் கதை. இவர் திருவொற்றியூர் எண்ணெய் வாணிபர். கைப்பொருள் எல்லாம் கோயில் விளக்குக்கே போய்விடுகிறது. பிறகு உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெறுகிறார். அதுவும் நின்றபின் செக்காட்டும் இடத்தில் கூலிக்கு உழைக்கிறார். கடைசியில் அந்த வேலைக்கும் ஆட்கள் பெருகிவிட்டதால் அதுவும் கிடைக்கவில்லை என்று சேக்கிழார் சொல்லிச் செல்கிறார். ஆலை வாசலில் காத்து நின்று, "இன்றைக்கு ஆள் வேண்டாம்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த இடத்துக்கு உரையாசிரியர் எதற்கு? மனைவியையே விற்க முனைந்தார் என்ற பகுதி இன்றைய வாசகருக்கு உறுத்தும். உறுத்தட்டும், அதற்காக நூலை மூடி வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சங்கீதம். தியாகராஜ சுவாமிகள் தம் சீடர் வீணை குப்பய்யரை முன்னிட்டுத் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரியின்மீது ஐந்து கிருதிகள் பாடினார். சாவேரி, ஆரபி, கல்யாணி, பேகடை, சுத்த சாவேரி என்று ஐந்து ராகங்கள். சங்கீதப் பழக்கம் இல்லாதவர் கல்யாணியில் அமைந்த 'சுந்தரி நீ திவ்ய ரூபமுனு' என்பதிலிருந்து தொடங்கலாம். காது தானாகவே வழிகாட்டும். மார்கழிக் கச்சேரியில் 'தாரினி தெலுசுகொண்டி'யைக் கேட்டுத் தலையை ஆட்டுகிற ரசிகர்களில், அந்தத் திரிபுரசுந்தரி வடிவுடை அம்மன்தான், பஸ்ஸேறினால் போய்ப் பார்த்துவிடக்கூடியவள்தான் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? தெலுங்கு புரியவில்லை என்பவர்களுக்கு வள்ளலார் இருக்கிறார். 1858இல் சென்னையை விட்டுப் போகும் வரை, ஏழுகிணற்றிலிருந்து இந்தக் கோயிலுக்கு ஓயாமல் நடந்தவர் அவர். அவருடைய வடிவுடை மாணிக்க மாலை 101 பாட்டு. ஒரே மூச்சில் படிப்பதற்கு உரியதல்ல. நாளைக்கு ஐந்து பாட்டு வீதம் வாய்விட்டுப் படிப்பதுதான் சுகம்.

இந்தப் பட்டியலில் அடுத்தபடியாக 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வருவதைக் கண்டு சில சங்கீத ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். 2017 ஜனவரியில் வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தின் நிலை பற்றிய பாட்டு. பேச்சு, சென்னைப் பேச்சு. புறம்போக்கு என்பது ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். ஏரியும் மேய்ச்சலும் கடற்கரையும் அப்படிப்பட்டவை. அந்தச் சொல் எப்படி மனிதனைத் திட்டுகிற வசவாக மாறியது என்று யோசிக்க வைக்கிறது இந்தப் பாட்டு. ராகமாலிகையாக அமைத்திருக்கிறார்கள், அதில் பேகடையும் உண்டு. தியாகராஜர் அம்மன்மீது பாடிய அதே பேகடை, சில மைல் வடக்கே, அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்துக்காகவும் ஒலிக்கிறது! ராகத்துக்கு இதனால் தீட்டு வந்துவிட்டதா என்ன?

பாட்டு வந்த அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கசடை ஆட்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தையும் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அப்பிக்கொண்டது. இவற்றுக்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்பவர்களுக்கு அது பிரசாரமாகப் படாது.

புத்தகத்தில் இன்னும் ஒன்று: திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த காலத்தை, உள்ளே இருந்தவரே தெளிந்த தமிழில் சொல்லியிருக்கிறார். சைவமும் சங்கமும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருந்தன என்று பார்ப்பதற்காகவே படிக்கலாம். ஜெயகாந்தனின் 'உன்னைப் போல் ஒருவன்' சேரி வாழ்க்கையைச் சொல்லும் கதை. அவரே 1965இல் அதைப் படமாகவும் எடுத்தார். மத்திய அரசின் விருதும் கிடைத்தது. ஆனால் கதையைப் படிப்பதே மேல்.

படங்களுக்கு வருவோம். இங்கேதான் வழக்கு. 2018இல் வந்த 'வட சென்னை'யை வேண்டாம் என்று சொல்லுவது நியாயமாகாது. வெற்றிமாறன் தொழில் தெரிந்தவர். சாலைக்காகக் குப்பத்தை அப்புறப்படுத்த வருகிறபோது குப்பத்தார் எதிர்த்து நிற்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் வெளியே வந்து பேசும்போதோ கத்திக் குத்தையே பேசுகிறார்கள். குற்றம் படத்தின் மீது பாதி, பார்ப்பவர் மீது பாதி. அதைப் பார்த்தவர்கள் 2021இல் வந்த பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யையும் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கபிலன், வாத்தியார் ரங்கன், எதிர் அணியில் இருந்தாலும் பந்தயத்தின் மரியாதை தெரிந்த டான்சிங் ரோஸ் – இவர்கள் எல்லாரும் முறைப்படி கை கட்டி, மணி அடித்த பிறகு சண்டை போடுகிறவர்கள். குத்துச்சண்டை இங்கே ஒரு கலையாக, குருகுலமாக வளர்ந்தது என்ற செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுபோனது அந்தப் படம். கடைசிப் பகுதியில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 1962இல் வந்த 'பட்டினத்தார்' இருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜன் பாடியதோடு நிற்காமல் பட்டினத்தாராகவே நடித்த படம். நடிப்பில் குறை சொல்பவர்கள் உண்டு; அந்தக் குரலுக்கு முன்னால் குறை நிற்பதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கப்பல் வணிகர் எல்லாவற்றையும் துறந்து, பேய்க்கரும்பு இனித்த இடம் இதுவே என்று வந்து அடங்கியது திருவொற்றியூர்க் கடற்கரையில். படத்தைச் சனிக்கிழமை இரவு பார்த்துவிட்டு, மறுநாள் காலை அந்தச் சமாதிக்கு நடந்து போய் வரலாம். போகிற வழியில் சாலையைக் கடக்க மட்டும் சற்று நேரம் பிடிக்கும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்.