லினக்ஸ் மேல் பழி போடாதீர்கள்!

"லினக்ஸ் போட்டா லேப்டாப் ஸ்லோ ஆயிடும்டா, தூக்கிடு!"

அயோத்தியாப்பட்டணத்தில் சேலம் பஸ் ஏறும் காலேஜ் பசங்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். சீனியர் சொன்னார், சர்வீஸ் கடைக்காரரும் தலையாட்டினார், அவ்வளவுதான். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு!

இந்தப் பழிக்கு வயது பத்துக்கு மேல். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7 வரிசையிலேயே கடைக்குட்டி. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் கண்டுகொள்ளாது, வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது. அந்தக் கடைக்குட்டியை யாரும் திட்டவில்லை. திட்டு வாங்கியது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த பாஸ் :-)

சும்மா என்பது சும்மா சொன்னதல்ல. ராமருக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்று தலக்கதை சொல்லும் கோதண்டராமர் கோயில் இருக்கிற ஊருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டூயல் பூட்டில் சிம்மாசனம் ஒன்றுதான். ஒருவர் ஆளும்போது மற்றவர் வனவாசம். காட்டில் இருப்பவர் அரண்மனைச் சோற்றைச் சாப்பிடுவதில்லை. விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் ஒரு பைட் ராம் கூட எடுக்காது, பிராசசரைத் தொடாது. வன்தட்டில் கொஞ்சம் இடம் பிடிக்கும், அவ்வளவே.

அப்படியானால் நிஜமாகவே ஸ்லோ ஆவது எதனால்?

முதல் குற்றவாளி, இடம் பிரித்த விதம். பழைய சுழலும் வன்தட்டில் வெளிவட்டத்தைவிட உள்வட்டத்தில் படிக்கும் வேகம் குறைவு, சில சமயம் பாதிதான். இரண்டாவதாக வந்த லினக்ஸுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதி. எஸ்எஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இருக்கிற கொஞ்ச இடத்தையும் இரண்டாக வெட்டி, விண்டோஸ் பக்கம் மூச்சு முட்ட நிரம்பினால் அதுவும் தடுமாறும்.

இரண்டாவது, டிரைவர். சரியான கிராபிக்ஸ் டிரைவர் இல்லாவிட்டால் அந்த வேலையையும் பிராசசரே இழுக்க வேண்டும். ஃபேன் அலறும், சூடு ஏறும், பேட்டரி இறங்கும்.

மூன்றாவது, விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாகப் போகாது, பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டுப் போகிற மாதிரி. லினக்ஸ் வந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. "லினக்ஸ் ஃபைலைக் கெடுத்துடுச்சு" என்று அடுத்த பழி! கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறிப்போவதும் இப்படித்தான். விண்டோஸ் இந்திய நேரத்தையும் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் எழுதுகின்றன. இரண்டுமே ஐந்து நிமிட வேலை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தால், லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

விர்ச்சுவல்பாக்ஸ் கதை வேறு. அங்கே இரண்டு ராஜாக்களும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். 4 ஜிபி ராமில் அதைச் செய்துவிட்டு ஸ்லோ என்று புலம்புவதில் நியாயமே இல்லை.

"பி.காம் பசங்களுக்கு டேலி வேணுமே?" நியாயமான கேள்வி. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் டெபிட், கிரெடிட் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இரட்டைப் பதிவு முறையை இலவச குனுகேஷிலும் பழகலாம். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்றக்கூடியது அந்த 'ஸ்லோ' லினக்ஸ்தான்!

2018-ல் வந்த பிளஸ் ஒன் கணினிப் புத்தகத்தில் விண்டோஸும் உபுண்டுவும் ஒரே பாடத்தில் இருக்கின்றன. பாடமாகப் படித்து மார்க் வாங்கினால் போதாது, லேபில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டே ஆண்டில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அரசு அறிவித்தது. மெஷினோடு சேர்த்து, கல்லூரிக்கு ஒரே ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தால் என்ன? மக்கள் பணத்தில் வந்த ஒன்றை, என்னவென்றே பார்க்காமல் ஃபார்மேட் அடிப்பது கணக்குப் படிக்கிறவர்களுக்கு அழகா?

அடுத்த முறை லேப்டாப் திணறினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். குற்றவாளி அங்கேதான் இருப்பான். காட்டில் தேடாதீர்கள்.