ஓய்வுக்காலப் பயணமும் உழைத்தவர் கணக்கில் சேரட்டும்

ஓய்வுபெற்ற தம்பதியர் மாதக்கணக்கில் கப்பலில் இருந்து உலகைச் சுற்றிவருவது மேலை நாடுகளில் நூறாண்டுப் பழக்கம். 1922-இல் ‘லகோனியா’ என்ற கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து உலகச் சுற்றுக்குப் புறப்பட்டது. 2023 டிசம்பர் 10 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய ‘செரினேட் ஆஃப் தி சீஸ்’ கப்பல், 274 இரவுகள் நீண்ட பயணத்தை முடித்து 2024 செப்டம்பரில் திரும்பியது. அதற்கான கட்டணம் ஒருவருக்குச் சுமார் 60,000 டாலரில், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாயில், தொடங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வருகிற ஒருவர் இந்தச் செய்தியைப் படித்தால், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். தொடர்பு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். உழைத்து ஓய்ந்த கணவனும் மனைவியும் உடலில் தெம்பு இருக்கும்போதே சேர்ந்து நாலு ஊர் பார்த்துவருவது, ஆயுள் முழுக்க உழைத்ததற்கு வரவேண்டிய கூலியின் கடைசித் தவணை. அந்தத் தவணையைத் திருப்பூர் இன்னும் யாருக்கும் கணக்கில் எழுதவில்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு நகரத்தின் பங்கு. இங்கே தைத்த சட்டைகள் தூத்துக்குடி, கொச்சி, சென்னைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தபோது, அதன் சுமை திருப்பூரின் டெலிவரி தேதிகளிலும் கன்டெய்னர் வாடகையிலும் உடனே தெரிந்தது. கடல்வழிகளோடு இத்தனை நெருக்கமாகப் பிணைந்த ஊர் இது. ஆனாலும் ஓவர்லாக் மெஷினில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவருக்கும், செக்கிங் டேபிளில் முப்பது ஆண்டுகள் நின்றவருக்கும் வேலை முடிந்தபின் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணைதான்.

எளியவர்களாலும் இது முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கொச்சியில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ என்ற சிறிய தேநீர்க் கடையை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர் நாள்தோறும் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பற்றாக்குறைக்குக் கடன் வாங்கி, திரும்பிவந்து கடனை அடைத்து, மறுபடி புறப்பட்டார்கள். 2007-இல் வெளிநாடு போகத் தொடங்கிய அவர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். 2021-இல் ரஷ்யா போய்வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். சிக்கனமாக இருந்தால் எல்லோராலும் முடியும் என்ற பாடமாக மட்டும் இதைப் படிப்பது போதாது. அந்தத் தம்பதியருக்குச் சொந்தக் கடை இருந்தது. எப்போது பூட்டுவது, எப்போது திறப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். நம்பிக் கடன் தர ஆள் இருந்தது. இருவரும் ஒன்றாக உழைத்தார்கள், ஒன்றாகவே கிளம்பினார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம் மன உறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மூன்று வசதிகளும்தான் அவரிடம் இல்லை.

முதுமையில் பயணம் போக நிலையான மாத வருமானம், கைவசம் நேரம், நடக்கத் தெம்பு ஆகிய மூன்றும் வேண்டும். முதலில் வருமானத்தைப் பார்ப்போம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகள் கடந்தும் அந்தத் தொகை அசையவில்லை. உலகக் கப்பலின் ஒரு டிக்கெட்டுக்கு இந்த ஓய்வூதியத்தை அப்படியே சேர்த்தால் 5,000 மாதங்கள், அதாவது நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பில் 30 ஆண்டுகள் விடாமல் பங்களித்தவருக்கும் அத்திட்டத்தின் கணக்குப்படி மாதம் 7,000 ரூபாய்கூட வராது. அதையும் பெற, குறைந்தது பத்தாண்டுகள் பணிக்காலம் பதிவாகியிருக்க வேண்டும். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை வருங்கால வைப்புநிதிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. திருப்பூரின் ஜாப் வொர்க் யூனிட்டுகளில் பல அந்த எல்லைக்குள் அடங்குபவை. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வருபவர்களின் பெயர் கம்பெனியின் பதிவேட்டில் ஏறாமலே போவதுண்டு. கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்து மருத்துவத்துக்கோ மகள் கல்யாணத்துக்கோ செலவழித்துவிடுவதும் இங்கே வழக்கம். மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் விடுப்புப் பயணச் சலுகை உண்டு. ரயில்வே ஊழியர்களுக்கு ஓய்வுபெற்ற பின்னும் பாஸ் உண்டு. உழைப்பவர் ஊர் பார்க்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அது தனியார் தொழிலாளர் வரை இன்னும் வந்துசேரவில்லை.

அடுத்தது நேரம். ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணிநேரம் வேலை. சனிக்கிழமை சம்பளம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் சரியாகிவிடும். ஆணுக்காவது ஒரு வயதில் வேலை நிற்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. கம்பெனிக்குப் போவதை நிறுத்திய மறுநாளே பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் மடியில் வந்து விழுகிறது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் அதையே சொன்னது. காப்பகம் இல்லாத இடத்தில் எல்லாம் சம்பளமில்லாத காப்பகமாக இருப்பவர் பாட்டிதான். நெடிய கப்பல் பயணம் ஒரு மூத்த பெண்ணுக்குத் தரும் பெரிய நிம்மதி, மூன்று வேளையும் வேறொருவர் சமைத்துப் போடுகிறார் என்பதுதான். பல்லாண்டு அடுப்படியில் நின்றவருக்குக் கடலின் அழகைவிட அந்த ஓய்வு பெரிது. கணவனும் மனைவியும் வேலை, சமையல், குழந்தை என்ற மூன்றும் குறுக்கே வராமல் பேசிக்கொள்ள ஒரு வாழ்நாளில் சில வாரங்களாவது வேண்டும்.

மூன்றாவது உடல்நிலை. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகள் கடந்துவிட்டால் முழங்காலும் கண்ணும் பயணத்துக்கு இசைவது கடினம். அரசுக்கும் இது தெரியும். இந்து சமய அறநிலையத் துறை நடத்தும் இலவச அறுபடை வீடு, ராமேசுவரம்-காசி பயணங்களுக்கு வயது வரம்பு 60 முதல் 70 வரை என்றுதான் வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சில நூறு, ஓரிரு ஆயிரம் பேர் என்ற அளவிலேயே அது நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு. இந்த நிலையில், அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. நோய்த்தொற்று போனபின்னும் சலுகை திரும்பவில்லை. எல்லாப் பயணிகளுக்கும் சராசரியாக 46 சதவீதம் மானியம் தருகிறோம் என்றது ரயில்வே. சம்பாதிக்கும் வயதில் இருப்பவருக்கும் வருமானம் நின்றுபோனவருக்கும் ஒரே மானியம் என்பது நியாயமான பதிலாகாது.

வேலையே ஆட்டம் காணும் நேரத்தில் பயணத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது திருப்பூர் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. ஆனால் நல்ல காலத்திலும் இதைப் பேசியதில்லை என்பதும் உண்மை. ஏற்றுமதி ஏறுமுகமாக இருந்த ஆண்டுகளில் ஆர்டர் முடியட்டும் என்றார்கள். இறங்குமுகத்தில் நிலைமை சீராகட்டும் என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தலைமுறை மூத்துவிட்டது. 2021-இல் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, நான்கு ஆண்டுகளில் 32 சதவீதக் கூலி உயர்வுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பேசி எழுதிக் கையெழுத்திடும் பழக்கமுள்ள ஊரில், முதுமைக்கென்று ஒரு ஷரத்தைச் சேர்ப்பது முடியாத காரியமல்ல.

இன்னொரு மறுப்பு, இது ஆடம்பரம், சுற்றுச்சூழலுக்கும் கேடு என்பது. பெரிய சொகுசுக் கப்பல்கள் எரிக்கும் எரிபொருளின் அளவைப் பார்த்தால் அந்தக் கவலை நியாயமானது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் கண்ட ஊர் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் உலகக் கப்பலை யாரும் இங்கே கேட்கவில்லை. திருப்பூர் ரயில் நிலையத்தில் ஏறினால் தெற்கே குமரி வரையும் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையும் போகலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில மணிநேரத்தில் இலங்கை சேர்க்கிறது. கோயில் யாத்திரை போதாதா என்றால், அதுவும் வேண்டும். அதற்கு மேலும் வேண்டும். கும்பிடப் போகிறவருக்கு மட்டுமே புறப்பட அனுமதி என்ற எழுதாத விதி, கடலையும் மலையையும் வேறு மனிதர்களையும் பார்க்கும் ஆசையை முதியவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

சேமித்ததைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதே முறை என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. இது தொழிலாளரோடு நிற்பதில்லை. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து, பிறகு கம்பெனி தொடங்கியவர்கள் இங்கே ஏராளம். தங்கள் உயர்வுக்குத் தங்கள் உழைப்பே காரணம் என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உழைப்பை இவ்வளவு உயரத்தில் வைத்த ஊரில் ஓய்வெடுப்பது குற்றம்போலத் தோன்றுவது இயல்பு. அதனால் வசதி படைத்தவர்கூட எழுபதிலும் ஃபேக்டரிக்குக் கிளம்புகிறார். அவர் வெளிநாடு போவது ஆர்டர் தரும் பையரைப் பார்க்கத்தான். மனைவி வீட்டில் இருப்பார். உழைப்பை மதிக்கும் சமூகம் அந்த உழைப்பு ஓரிடத்தில் நிறைவு பெறுவதையும் மதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ப்பது கடமை என்றால், பெற்றவர்களை வழியனுப்பி வைப்பது பிள்ளைகளின் கடமை.

செய்ய வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. அடுத்த கூலி ஒப்பந்தத்தில், நேரடி ஆளோ கான்ட்ராக்ட் ஆளோ, முதல் நாளிலிருந்தே வைப்புநிதிப் பதிவு என்பதை எழுத வேண்டும். தீபாவளி போனஸின்போது தொழிலாளர் ஒரு சிறு தொகையும் கம்பெனி அதற்கு ஈடாக ஒரு தொகையும் போட்டு, ஐம்பத்தெட்டு வயதில் பயணத்துக்கென்று எடுக்கும் சேமிப்பை ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கலாம். காப்பகங்கள் சட்டப்படி இயங்கினால் பாட்டிமார் கிளம்ப முடியும். மாநில அரசு தன் முதியோர் பயணங்களில் தம்பதியருக்கு முன்னுரிமை தந்து, கோயில்களுக்கு அப்பாலும் விரிக்க வேண்டும். மத்திய அரசு குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தி, ரயில் சலுகையை ஸ்லீப்பர் வகுப்பிலாவது திருப்பித் தர வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021-இல் வந்தபோது அதை வீண்செலவு என்றவர்கள் இருந்தார்கள். அதை இன்று திரும்பப் பெறச் சொல்லும் துணிவு எந்தக் கட்சிக்கும் இல்லை, ஏனென்றால் போய்வரும் உரிமை வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று மக்கள் பார்த்துவிட்டார்கள். அந்த உரிமையை அறுபது கடந்தவர்களுக்கும் நீட்டிப்பதில் திருப்பூர் முந்திக்கொள்ளட்டும். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் முதுமையும் ஓர் அம்சமாக வைக்கப்படும் நாளில்தான் இந்த ஊரின் வளர்ச்சி அதை உண்டாக்கியவர்களிடம் போய்ச் சேரும்.