ஒரே விபத்து... 3 வாகனங்கள்... யார் மேல தப்பு? உங்க இழப்பீடு எவ்வளவு குறையும்?

முன்னால் போன கார் திடீரென பிரேக் போட, பின்னால் வந்த பைக் மோத, அதற்கும் பின்னால் வந்த பஸ் ஏற... நெடுஞ்சாலையில் இப்படி சில நொடிகளில் 3 வாகனங்கள் சிக்கிக்கொள்கின்றன. மூன்று தரப்பும் "தப்பு என் மேல இல்ல" என்றுதான் சொல்லும். அப்போது காயம்பட்டவருக்கு யார் பணம் தருவது? முழுசா கிடைக்குமா?

கோவையில் நடந்தது என்ன?

2017 ஜனவரியில் கோவையில் நடந்த விபத்து இதற்கு சரியான உதாரணம். நெடுஞ்சாலையில் சென்ற கார் திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த கல்லூரி மாணவர் கார் மீது மோதி சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் மீது ஏறியது. அந்த மாணவர் ஒரு காலை இழந்தார்.

கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்ததால் பிரேக் போட்டதாக கார் ஓட்டியவர் கூறினார். தவறு யார் மீது என்பதில் மூன்று இடங்களில் மூன்று விதமான கணக்கு வந்தது.

தீர்ப்பாயம்: மாணவர் 20%, பஸ் 80%, கார் மீது தவறில்லை

உயர்நீதிமன்றம்: கார் 40%, பஸ் 30%, மாணவர் 30%

உச்சநீதிமன்றம் (ஜூலை 2025): கார் 50%, பஸ் 30%, மாணவர் 20%

எந்த எச்சரிக்கையும் தராமல் காரை நிறுத்தியதுதான் விபத்துக்கு மூல காரணம் என்றது உச்சநீதிமன்றம். அதேநேரம், மாணவர் போதிய இடைவெளி விடவில்லை, அவரிடம் முறையான லைசென்ஸும் இல்லை என்பதால் 20% அவர் கணக்கில் போனது.

ஒரு சதவீதத்தின் விலை

மொத்த இழப்பீடு சுமார் 1.14 கோடி ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 20% கழித்ததில் மாணவருக்கு சுமார் 91 லட்சம். உயர்நீதிமன்றம் சொன்ன 30 சதவீதமே நீடித்திருந்தால் இந்தத் தொகையில் இன்னும் 11 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். இந்த வழக்கில் ஒவ்வொரு சதவீதமும் ஒரு லட்சத்துக்கு மேல்!

பயணியாக இருந்தால்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வண்டி ஓட்டியவர் மீதும் தவறு இருந்தால் அது 'பங்களிப்பு கவனக்குறைவு'. அவருடைய பங்கு கழிக்கப்படும். அவர் இறந்துவிட்டால், குடும்பத்துக்கான தொகையிலும் அது குறையும்.

ஆனால் நீங்கள் பஸ் பயணியாகவோ, பைக்கின் பின்சீட்டிலோ இருந்து, மோதிய இரண்டு டிரைவர்கள் மீதும் தவறு என்றால் அது 'கூட்டு கவனக்குறைவு'. உங்கள் தொகையில் கழிக்க எதுவும் இல்லை. இரண்டு தரப்பில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என 2015-ல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "எங்க பங்கு பாதிதான், மீதியை அவங்ககிட்ட வாங்கிக்கோங்க" என்று உங்களை அலையவிட முடியாது. அந்தப் பங்கு கணக்கை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரிபிள்ஸ் போனாலே தப்பா?

பைக்கில் மூன்று பேர் போனது விதிமீறல்தான். ஆனால் அதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது. விபத்துக்கோ, காயம் அதிகமானதற்கோ அது காரணம் என நிரூபிக்க வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் கூறியது.

நீங்க செய்ய வேண்டியது

- சிக்கிய எல்லா வாகனங்களின் நம்பரும் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என பாருங்கள்.
- வாகனங்கள் நின்ற நிலையை அகற்றுவதற்கு முன்பே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். யார் மீது எத்தனை சதவீதம் என்பதற்கு அது முக்கிய ஆதாரம்.
- எல்லா வாகனங்களின் உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் மனுவில் சேர்ப்பது நல்லது.
- தீர்ப்பாயத்தில் மனு போட சட்டம் சொல்லும் காலக்கெடு 6 மாதம். சிகிச்சை முடியட்டும் என காத்திருக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் தரப்பு "உங்க மேலயும் தப்பு இருக்கு" என்று சொன்னதும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்து போட்டுவிடாதீர்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது அவர்கள் இல்லை, தீர்ப்பாயம்தான்.