ஒற்றைத் தாலந்து

தாலந்து உவமை (மத். 25:14-30) வாசிக்கப்படும் ஞாயிறுகளில் நம்மில் பலர் ஐந்து தாலந்து பெற்றவனை வியக்கின்றனர், ஒன்று பெற்றவனுக்காக இரங்குகின்றனர். “பாவம், அவனுக்குக் கொடுத்ததே ஒன்றுதானே” என்பாரும் உளர். இரக்கம் நல்லதே, கணக்குத்தான் தவறு.

தாலந்து என்பது சில்லறைக் காசன்று. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியங்களுக்குச் சமம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் ஊதியம் என்பதைத் திராட்சைத் தோட்ட உவமையில் (20:2) மத்தேயுவே காட்டுகிறார். ஓய்வுநாளையும் திருநாளையும் கழித்து ஆண்டுக்கு 300 நாள் வேலை எனக் கொண்டால், அந்த மூன்றாம் ஊழியன் கையில் வைக்கப்பட்டது இருபது ஆண்டுக் கூலி! தலைவர் எவரையும் வெறுங்கையராய் விட்டுச் செல்லவில்லை.

அவன் திருடனுமல்லன், ஊதாரியுமல்லன். பணத்தை மண்ணில் புதைப்பதே நல்ல காவல் என்றும், அவ்வாறு காத்தவன் களவுபோனாலும் ஈடு செய்யவேண்டியதில்லை என்றும் ரபிகளின் சட்ட மரபு கருதியது. ஆகவே ஊரார் கண்ணில் அவன் குற்றமற்றவன். பெற்றதைக் குறையாமல் திருப்பியும் தந்தான். பின் தண்டனை ஏன்? தலைவரைக் கடின உள்ளத்தவர் என எண்ணி அஞ்சியதாக அவன் வாயே கூறுகிறது. கொடுத்தவரின் அன்பை நம்பாதவனுக்குக் கொடையும் சுமையாகிவிடுகிறது. “ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை, சுவாமி” என நிறைவோடு சொல்வோரைக் காணும்போதெல்லாம் நமக்கு இம்மனிதனின் நினைவே வருகிறது.

ஒற்றைத் தாலந்து என்ன செய்யும் என்று அறியக் கனடா நாட்டுப் புனித ஆந்த்ரே பெசெத்தை நோக்குவோம். 1845-இல் கியூபெக் மாநிலத்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். நோயுற்ற உடல், எழுத்தறிவோ மிகக் குறைவு. ஆலைகளில் கூலி வேலை செய்து, 1870-இல் திருச்சிலுவைச் சபையில் சேர்ந்தார். உடல்நலமின்மை காரணமாக அவரது வார்த்தைப்பாட்டை ஏற்கச் சபையார் தயங்கினர். ஆயரிடம் முறையிட்டபின்னரே அவர் நிலைத்தார். கிடைத்த அலுவல் மொன்றியால் நகரக் கல்லூரி ஒன்றின் வாயிற்காவல்! ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வாயிலில் நின்றார். தரை துடைத்தார், மாணவருக்கு ஐந்து சென்ட் கூலிக்கு முடி வெட்டினார், வந்த நோயாளரின் துன்பத்தைக் கேட்டு, புனித சூசையப்பரிடம் மன்றாடச் சொன்னார். அந்த முடிவெட்டுக் காசும் சிறு காணிக்கைகளும் சேர, 1904-இல் மலைச்சரிவில் சூசையப்பருக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது. அது தொடங்கி வைத்ததே இன்று அங்கு நிற்கும் பெருங்கோவில். 1937 சனவரி 6-ஆம் நாள் அவர் இறந்தபோது அவரது உடலைக் காண இலட்சக்கணக்கானோர் பனியில் காத்து நின்றனர். 2010-இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. கதவைத் திறக்கவும் காதுகொடுத்துக் கேட்கவும் தெரிந்திருந்தது. அவருடைய தாலந்து அதுதான்.

இத்தகையோர் நம் பங்குகளில் இல்லையா? ஏழைகளுக்கு மனு எழுதித்தர வல்ல ஓய்வுபெற்ற குமாஸ்தா, படுக்கையில் கிடப்போர் அருகே அலுப்பின்றி அமரும் விதவைத் தாய், ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கும் இளைஞன் எனப் பலர் உளர். நாம் அவர்களிடம் கேட்பதோ பெரும்பாலும் கோவில் வரி மட்டுமே.

மண்ணைத் தோண்டுபவர் எப்போதும் தாலந்துக்கு உரியவராக இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடற்குழு ஒரே வீட்டாரின் சொத்தாகிவிட்ட பங்குகள் உண்டு. வாசகம் படிக்கக் குரலைப் பாராமல் தெருவைப் பார்க்கும் வழக்கம் சிலவிடங்களில் இன்னும் சாகவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965-இல் வெளியிட்ட ஏடு, மிக எளிய அருங்கொடையைப் பெற்றவருக்கும் அதனைத் திருச்சபையிலும் உலகிலும் பயன்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு எனக் கற்பிக்கிறது. கடமையை மேடைதோறும் முழங்குகிறோம். உரிமையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒருவர் தாமாக முன்வரும்போது அவரைத் தடுப்போர், ஆண்டவர் பிறருக்கு ஈந்ததையன்றோ புதைக்கின்றனர்?

அடுத்த ஆண்டுக்கான பொறுப்புகளைப் பகிருமுன் பங்குப் பேரவையினர், இதுவரை எந்தப் பட்டியலிலும் பெயர் வராத வீடுகளுக்கு ஒருமுறை சென்று வரட்டும். ஐந்து தாலந்துக்காரர்களை நாம் நன்கு அறிவோம். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.